மண்ணூர் கம்ப்யூட்டருக்கு வாரிசு உண்டா?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூர். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்வரும் அந்த ஊரில் நண்பர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் பயோடேட்டா அடிக்க, ஆதார் பிரிண்ட் எடுக்க அங்கேதான் வருவார்கள். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று புதுசு. இன்னொன்று பென்டியம் 4. கல்யாணமான வருஷம் வாங்கியதாம். மகள் இப்போது காலேஜ்!

''இன்னுமா ஓடுது?'' என்றேன்.

''லினக்ஸ் சார். ஓசியில கிடைச்சது, உழைக்குது. ஆனா இனிமே இதுக்குப் புது வெர்ஷன் கிடையாதாம்'' என்றார், வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்ன மாதிரி முகத்தோடு.

விஷயம் இதுதான். டெபியன் என்று ஒரு லினக்ஸ். 1993-ல் இயன் மர்டாக் ஆரம்பித்தது. (காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி நாமகரணம். கம்ப்யூட்டர்காரர்களுக்கும் காதல் வரும்!) உலகெங்கும் தொண்டர்கள் கூடி இழுக்கிற தேர் அது. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில், பழைய 32 பிட் மெஷினில் புதிதாக நிறுவ வழியில்லை.

'ஒருமுறை எழுதின புரோகிராம் பாட்டுக்கு ஓட வேண்டியதுதானே?' என்பீர்கள். ஓடாது. ஒவ்வொரு சிப் ரகத்துக்கும் தனித்தனியாக மாவாட்டி, தனித்தனியாகச் சுட வேண்டும். பல்லாயிரம் புரோகிராம்கள். ஒன்று கருகினால் ஏன் என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 32 பிட்டில் ஒரு புரோகிராம் 4 ஜி.பி. நினைவகத்துக்கு மேல் தொட முடியாது. இன்றைய பிரவுசர்களோ அண்டா சைஸ். சின்ன தோசைக்கல்லில் அண்டா மாவை ஊற்றினால்?

டெபியனில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ் மாதிரி, ''இந்த ரகத்துக்கு யார் பொறுப்பு?'' என்று கூப்பிடுவார்கள். 'உள்ளேன் ஐயா' சொல்பவர், அந்தப் பதிப்பின் ஆயுள் வரை சோதித்து, பழுது பார்த்துத் தர வேண்டும். கையைத் தூக்க ஆள் குறைந்தால் அந்த ரகம் ஆட்டம் காணும். பழைய ஆப்பிள் மெஷின்களின் பவர்பிசியை 2016-ல் இறக்கிவிட்டார்கள். அமீகா, அட்டாரி காலத்து 68000 ரகம் 2007-லேயே பெரிய வீட்டை விட்டுப் போனது. ஆனால் பாருங்கள், சில பிடிவாதக்காரர்கள் அதைத் தனிக்குடித்தனமாக இன்னும் நடத்துகிறார்கள்!

அதற்காக யார் வந்தாலும் சாவியைக் கொடுத்துவிட முடியாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளை ஃபின்லாந்துக்காரர் ஒருவர் தனியாளாகச் சுமந்து களைத்திருந்தார். ஒத்தாசைக்கு வந்த 'ஜியா டான்' இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்தார். 2024-ல் பார்த்தால், உள்ளே திருட்டு வாசல்! லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் நோண்டியதில் மாட்டியது. தப்பித்தோம்.

''அப்போ என் மெஷின் கதி?'' என்றார் நண்பர்.

32 பிட்டைக் கைவிடாத சின்னச் சின்ன லினக்ஸ்கள் இன்னும் உண்டு. பழைய மெஷினில் போட்டுப் பார்த்துச் சொல்ல அவற்றுக்கும் ஆள் தேவை. காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில் சொல்லித்தர 2012 முதல் 'கணியம்' இருக்கிறது. இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது, பிரிண்டுக்குக் காத்திருந்த யூனிஃபார்ம் பையன் தலையை நீட்டினான். ஏதோ கம்பெனியில் மெயின்டெனன்ஸாம்.

''கோட் எழுதத் தெரியணுமா சார்?''

''முதல்ல வேண்டாம் தம்பி. என்ன செஞ்சப்ப, என்ன எரர், மறுபடி செஞ்சா மறுபடி வருதா... இதைத் தெளிவா எழுதினாலே பாதி வேலை.''

''எங்க லாக் புக் மாதிரி! லைன்ல இருக்கிற பழைய மெஷினையெல்லாம் நாங்கதானே சார் ஓட்டறோம்?''

பென்டியம் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டான். ''அண்ணே, ஒரு பேப்பர்.''

நண்பர் நாலு கொடுத்தார். காசு கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் இதை நான் பார்த்ததே கிடையாது.