இணையவழி ஏலத்தில் விலை கேட்கும் உத்திகள்

இணையவழி ஏலத்தில் விலை கேட்கும் உத்திகள் என்பவை, இணையத்தில் ஏலம் விடப்படும் ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மிகாத விலையில் பெறுவதற்காக ஏலம் கேட்பவர்கள் கையாளும் வழிமுறைகள் ஆகும். எவ்வளவு கேட்பது, எப்போது கேட்பது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது ஆகிய மூன்றையும் இவை உள்ளடக்கும். மீன் இறங்குதளத்திலோ மாட்டுச் சந்தையிலோ நடக்கும் ஏலத்தில் கேட்பவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்கின்றனர். ஏலம் விடுபவர் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவி, மூன்றாம் தரம் சொல்லும் வரை யார் வேண்டுமானாலும் விலையை உயர்த்தலாம். இணையத்தில் எதிராளியின் முகமும் தெரியாது. அவர் மனத்தில் வைத்திருக்கும் தொகையும் தெரியாது. ஏலத்தை முடித்து வைப்பது பெரும்பாலும் கடிகாரம்தான். எனவே, இங்கு ஒரு தளத்தின் விதிகளைப் படிக்காமல் உத்தி வகுக்க இயலாது.

இணையவழி ஏலங்களில் பெரும்புகழ் பெற்றது அமெரிக்காவின் இபே தளம். பியேர் ஒமிடியார் என்னும் நிரலாளர் 1995 செப்டம்பரில் ஆக்சன்வெப் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். அதில் முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கருவி, விலை 14.83 டாலர். இந்தியாவில் இபே 2004இல் பாசி.காம் நிறுவனத்தை வாங்கி நுழைந்தது. அந்த இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. இன்று இபேயில் குறித்த விலைக்கு விற்கப்படும் பொருள்களே மிகுதி. எனினும் பழைய நாணயம், அஞ்சல்தலை, பழங்கால ஒளிப்படக்கருவி போன்றவற்றுக்கு ஏலம் தொடர்கிறது. ஏல உத்திகளைப் பற்றிய ஆய்வுகளில் பலவும் இத்தளத்தின் பதிவுகளை வைத்தே செய்யப்பட்டவை.

தானியங்கிக் கேட்பு

இபேயில் கேட்பவர் தம் உச்சத் தொகையைப் பதிவு செய்கிறார். அத்தொகை பிறருக்குக் காட்டப்படுவதில்லை. மற்றவர்கள் விலையை உயர்த்தும்போது, அவர் சார்பில் கணினியே தேவையான அளவு மட்டும் உயர்த்திக் கேட்கிறது. எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு ஒரு படிநிலை உண்டு. எடுத்துக்காட்டாக, அமெரிக்கத் தளத்தில் விலை 25 டாலரிலிருந்து 99.99 டாலர் வரை இருக்கும்போது ஒரு படி 1 டாலர்.

ஒரு பழைய கடிகாரத்துக்கு முதலாமவர் 90 டாலர் உச்சமாகப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். அடுத்து வருபவர் 80 என்று பதிந்தால், திரையில் முதலாமவர் பெயரில் 81 டாலர் என்று தோன்றும். மூன்றாமவர் 150 என்று பதிந்தால் விலை 91 ஆகும். பொருள் அவர் கைக்கு மாறும். அவர் 150 கொடுக்கத் தயாராக இருந்தும் கொடுப்பது 91 மட்டுமே. வென்றவர் தரும் விலையைத் தீர்மானிப்பது இரண்டாம் இடத்தில் இருப்பவரின் உச்சத் தொகை.

இதில் ஒரு சிறு நுணுக்கம் உள்ளது. இருவர் ஒரே தொகையைப் பதிந்தால் முதலில் பதிந்தவருக்கே பொருள். பெரும்பாலோர் 50, 90, 100 என்று முழு எண்களையே பதிவதால், பழகியவர்கள் 90.37 போன்ற உதிரித் தொகையைப் பதிவார்கள். திரையில் 81 என்று தெரியும்போது 90.37 பதிந்தவர், 90இல் நிற்பவரை 37 சென்ட்டில் தாண்டிவிடலாம். செலவில்லாத இந்த வழி அடிக்கடி பயன் தருவதில்லை. தரும்போது மறக்க முடிவதில்லை.

உண்மையான மதிப்பைக் கேட்பது ஏன் நல்லது

வென்றவர் இரண்டாம் விலையைக் கொடுக்கும் ஏலத்தைக் கோட்பாடாக ஆராய்ந்தவர் பொருளியலாளர் வில்லியம் விக்ரி. 1961இல் வெளியான அவரது கட்டுரை ஏலக் கோட்பாட்டின் தொடக்கம் எனக் கருதப்படுகிறது. 1996இல் ஜேம்ஸ் மர்லீசுடன் இணைந்து அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றே நாளில் அவர் காலமானார். இம்முறையை அவர் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியன்று. அமெரிக்க அஞ்சல்தலை வணிகர்கள் 1893 முதலே அஞ்சல்வழி ஏலங்களில் இதைக் கையாண்டனர். அதற்கும் முன்பு, 1797இல் ஜெர்மானியக் கவிஞர் கேத்தே ஒரு காவியத்தின் கையெழுத்துப் படியை விற்றபோது, தாம் வேண்டும் தொகையை உறையிலிட்டு ஒரு நண்பரிடம் கொடுத்தார். பதிப்பாளர் கேட்கும் விலை அதற்குக் குறைந்தால் பேரம் இல்லை. கூடினால் உறையில் உள்ள தொகையே விலை என்பது நிபந்தனை. பதிப்பாளர் எவ்வளவு வரை தருவார் என்று அறிந்துகொள்ளவே கேத்தே இப்படிச் செய்தார். ஆனால் இடையில் இருந்த நண்பர் இரகசியத்தைக் கசியவிட, பதிப்பாளர் மிகச் சரியாக அதே தொகையைக் கேட்டார்!

விக்ரியின் வாதம் எளியது. ஒரு பொருள் ஒருவருக்கு 100 டாலர் பெறும் என்று கொள்வோம். அவர் 80 மட்டும் கேட்டால், தரும் விலை குறைவதில்லை. அது அடுத்தவர் கையில் உள்ளது. ஆனால் வேறொருவர் 85 கேட்டுவிட்டால், 100 பெறும் பொருளை 85க்கு வாங்கும் வாய்ப்பு போகும். மாறாக அவர் 120 கேட்டால், அடுத்தவர் 110இல் நிற்கும்போது 110 கொடுத்து 10 டாலர் நட்டப்படுவார். குறைத்தாலும் கூட்டினாலும் பயனில்லை. எனவே தம் உண்மையான மதிப்பை ஒரே முறை பதிந்துவிட்டு விலகியிருப்பதே சிறந்தது.

இறுதிநொடிக் கேட்பு

கோட்பாடு இப்படியிருக்க, நடைமுறை வேறாக இருந்தது. இபேயில் பலர் ஏலம் முடியும் கடைசி நிமிடத்தில், சிலர் கடைசிச் சில நொடிகளில், தம் தொகையைப் பதிந்தனர். இது ஸ்னைப்பிங் எனப்படுகிறது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுவதைக் குறிக்கும் சொல் அது. இதற்கென்றே தனி மென்பொருள்களும் வந்தன.

காரணத்தை ஆராய்ந்த ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்பெல்ஸ் ஆகியோர் தம் முடிவுகளை 2002இல் வெளியிட்டனர். (ராத் பின்னர் 2012இல் வேறு பணிகளுக்காக நோபல் பரிசு பெற்றார்.) அக்காலத்தில் அமேசான் நிறுவனமும் ஏலத்தளம் ஒன்றை நடத்தியது. இரண்டிலும் தானியங்கிக் கேட்பு உண்டு. முடிவு விதிதான் வேறு. இபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும். அமேசானில் கடைசி 10 நிமிடத்துக்குள் யாரேனும் கேட்டால், அந்தக் கேட்பிலிருந்து 10 நிமிடம் யாரும் கேட்காமல் கழியும் வரை ஏலம் நீளும். கடைசி நேரக் கேட்பு இபேயில் மிகுதியாகவும் அமேசானில் மிகக் குறைவாகவும் இருந்தது. இபேயில் அனுபவம் கூடக்கூட மக்கள் தாமதித்துக் கேட்டனர். அமேசானில் அப்படி இல்லை. ஆகவே தாமதம் மனிதரின் சோம்பலால் வந்ததன்று, விதியால் வந்தது.

தாமதிப்பதால் வரும் நன்மைகள் இரண்டு. முதலாவது, எல்லாரும் விக்ரி சொன்னபடி நடப்பதில்லை. தம் உச்சத் தொகையைப் பதியாமல், யாராவது தம்மை முந்தும்போதெல்லாம் ஒரு படி உயர்த்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அத்தகையவருக்கு எதிராக முதல் நாளே கேட்டால் விலை ஏறிக்கொண்டே போகும். கடைசி நொடியில் கேட்டால் அவருக்குப் பதிலளிக்க நேரமிராது. இரண்டாவது, தகவலை மறைப்பது. ஒரு தேர்ந்த நாணயச் சேகரிப்பாளர் ஒரு நாணயத்துக்குக் கேட்கிறார் என்பதே அது போலியன்று என்று பிறருக்கு அறிவித்துவிடும். கணினிப் பொருள்களைவிடப் பழம்பொருள்களில் கடைசி நேரக் கேட்பு கூடுதலாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர்.

கேடும் உண்டு. இணைப்பு தடுமாறினால் கேட்பு போய்ச் சேராது. மேலும், எதிராளியின் உச்சத் தொகை தம்முடையதைவிட அதிகமாக இருந்தால் எந்த நொடியில் கேட்டாலும் தோல்விதான். தாமதம், மதிப்பைக் கணக்கிடும் வேலையிலிருந்து யாரையும் விடுவிப்பதில்லை.

வென்றவரின் சாபம்

மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைகளை ஏலத்தில் பெற்ற நிறுவனங்கள் எதிர்பார்த்த இலாபம் ஈட்டாதது ஏன் என்று 1971இல் மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள் விளக்கினர். எல்லா நிறுவனங்களும் ஒரே வயலைத்தான் மதிப்பிடுகின்றன. சில மதிப்பீடுகள் கூடும், சில குறையும். எல்லாரையும்விடக் கூட்டி மதிப்பிட்ட நிறுவனமே ஏலத்தை வெல்லும். இதை வென்றவரின் சாபம் என்பர்.

1983இல் பேசர்மன், சாமுவல்சன் ஆகியோர் இதை வகுப்பறையிலேயே காட்டினர். 8 டாலர் மதிப்புள்ள சில்லறை அடங்கிய குடுவைகளை மேலாண்மை மாணவர்களிடம் ஏலம் விட்டனர். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர், அதாவது பொதுவாக அவர்கள் குறைத்தே மதிப்பிட்டனர். ஆயினும் வென்ற கேட்புகளின் சராசரி 10.01 டாலர். பள்ளி ஆசிரியர்கள் தம் வகுப்பிலும் எளிதாகச் செய்து காட்டக்கூடிய சோதனை இது.

ஒளிப்படத்தைப் பார்த்து மட்டுமே வாங்கும் இணைய ஏலத்தில் இச்சாபம் கடுமையாகும். கேட்பவர்களின் எண்ணிக்கை கூடும்போது விலையைக் கூட்ட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பொருளின் மதிப்பு உறுதியாகத் தெரியாத இடத்தில், கூட்டம் பெருகப் பெருகத் தம் தொகையைக் குறைத்துக்கொள்வதே முறை.

பக்கத்திலேயே இருக்கும் குறைந்த விலை

ஏலம் என்றாலே மலிவு என்ற நம்பிக்கையைச் சோதித்தது லீ, மால்மெண்டியர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. கேஷ்ஃபுளோ 101 என்ற பலகை விளையாட்டு இபேயில் குறித்த விலைக்கும் விற்கப்பட்டது, ஏலத்துக்கும் வந்தது. ஏலங்களில் 42 விழுக்காட்டில், முடிவு விலை அதே நேரம் அதே தளத்தில் கிடைத்த குறித்த விலையைத் தாண்டியது. ஆனால் அந்த விலையைத் தாண்டிக் கேட்டவர்கள் மொத்தத்தில் 17 விழுக்காட்டினரே. தவறு செய்பவர் சிலராக இருந்தாலும், ஏலம் அவர்களையே தேடிப் பிடித்து வெற்றியாளராக்குகிறது. ஏலம் தொடங்கியபின் பிற பக்கங்களைப் பாராதிருப்பதும், முந்தப்பட்டவுடன் "எனதைப் பறித்துவிட்டார்கள்" என்ற உணர்வு எழுவதும் இதற்கு வழிவகுக்கின்றன.

அனுப்பும் செலவும் இதைச் சார்ந்ததே. தொடக்க விலையை ஒரு சென்ட் என்று வைத்து அனுப்பும் செலவைக் கூட்டிப் போடும் விற்பனையாளர், மொத்தத்தில் அதிகம் பெறுவதுண்டு. உச்சத் தொகையை முடிவு செய்யும்போது அனுப்பும் செலவு, வெளிநாட்டுப் பொருளாயின் சுங்கவரி ஆகியவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆள் வைத்து விலை ஏற்றுதல்

விற்பவரே வேறு பெயரிலோ நண்பர்கள் மூலமோ கேட்டு விலையை உயர்த்துவது பெரும்பாலான தளங்களில் தடைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில், 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்தது என்ற எண்ணத்தில் 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்பவர் ஏதும் அறியாதவர்போலப் பழைய வீட்டுச் சாமான் என்ற பாவனையில் விவரித்திருந்தார். ஓவியம் போலி, விற்பவரும் கூட்டாளிகளும் ஒருவர் பொருளுக்கு ஒருவர் கேட்டு விலை ஏற்றி வந்தவர்கள். இபே அவ்விற்பனையை இரத்து செய்தது. அவர்களுள் இருவர் 2001இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒரே விற்பனையாளரின் பொருள்களுக்கு மட்டும் கேட்கும் கணக்கு, கேட்டுவிட்டு அடிக்கடி விலகும் கணக்கு ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். தாமதித்து ஒரே முறை கேட்பவரிடம் இத்தந்திரம் அதிகம் பலிப்பதில்லை.

உத்தியே உதவாத ஏலம்

ஒவ்வொரு முறை கேட்பதற்கும் கட்டணம் வசூலிக்கும் தளங்கள் உண்டு. ஜெர்மனியில் தோன்றி 2011இல் நொடித்துப்போன சுவூப்போ இவ்வகையில் பெயர்பெற்றது. ஒரு கேட்புக்குக் கட்டணம் 60 சென்ட், அதனால் விலை உயர்வது 1 சென்ட் எனக் கொள்வோம். ஒரு கருவி 50 டாலருக்கு "மலிவாக" விற்றது என்றால் 5,000 கேட்புகள் நடந்துள்ளன. தளத்துக்குக் கட்டணமாக மட்டும் 3,000 டாலர் வந்துள்ளது. தோற்றவர்களுக்குப் பணம் திரும்புவதில்லை. இதைச் சூதாட்டத்தோடு சேர்ப்பதே பொருத்தம்.

வங்கிகளின் மின்-ஏலம்

இந்தியாவில் பொதுமக்கள் பெருந்தொகையுடன் இறங்கும் இணைய ஏலம், கடன் தவறிய சொத்துகளை வங்கிகள் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் விற்கும் மின்-ஏலமே. இங்கு விதிகள் முற்றிலும் வேறு. முன்வைப்புத் தொகை கட்டியவர் மட்டுமே கலந்துகொள்ளலாம். குறைந்தபட்ச விலை முன்பே அறிவிக்கப்படும். கடைசி நிமிடங்களில் யாரேனும் கேட்டால் ஏலம் பெரும்பாலும் 5 அல்லது 10 நிமிடம் தானே நீளும். எனவே இறுதிநொடிக் கேட்பு பயன்படாது. வென்றவர் தாம் கேட்ட தொகையையே கொடுக்க வேண்டும், இரண்டாம் விலையை அன்று.

வென்றவர், முன்வைப்புத் தொகையையும் சேர்த்து விலையில் 25 விழுக்காட்டை அன்றே, அல்லது அடுத்த வேலைநாளுக்குள் செலுத்த வேண்டும். மீதியை விற்பனை உறுதியான 15 நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் ஒப்பினால் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டிய பணம் பறிமுதலாகும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், மறு ஏலத்தில் வங்கிக்குக் கூடுதல் விலை கிடைத்திருந்தும், முதலில் வென்றவர் கட்டிய 25 விழுக்காடு முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. வீட்டுக்கடன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ஏலம் கேட்பவர்கள் இத்தீர்ப்பைக் கவனிக்க வேண்டும்.

இச்சொத்துகள் "உள்ளது உள்ளபடி" விற்கப்படுகின்றன. வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி நிலுவை, மின்கட்டண நிலுவை, வீட்டில் யார் குடியிருக்கிறார், கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா ஆகியவற்றை ஏல நாளுக்கு முன்பே பார்ப்பது கேட்பவரின் பொறுப்பு. பார்வையிடும் நாளை வங்கி அறிவிப்பிலேயே குறிப்பிட்டிருக்கும். நிலுவைகளைக் கூட்டி, அத்தொகையைக் கழித்த பின்பே உச்ச விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.