பத்திரம் மட்டும் போதாது

அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து கடை வைப்பது புதுவையில் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் சட்டத்தின் கீழும் நம்மவர்கள் கூட்டு வியாபாரம் செய்தவர்கள்தான். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியபின், இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இன்று நம் கூட்டுக் கடைகளுக்கு 1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம்தான்.

முத்திரைத்தாளில் கூட்டுப் பத்திரம் எழுதினால் வேலை முடிந்தது என்றே நாங்களும் இருந்தோம். அரிசி பாக்கிக்கு ஒரு சில்லறைக் கடைக்காரர் மேல் வழக்குப் போட்டபோதுதான் 69-வது பிரிவு தெரிந்தது. நிறுவனப் பதிவாளரிடம் பதியாத கூட்டு, பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. ஓடிப்போய்ப் பதிந்தோம். முன்பே போட்ட வழக்குக்கு அது செல்லாது என்றார் வக்கீல். புதிதாகப் போடலாமென்றால் மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டது. பணம் போனது போனதுதான்.

நமக்குக் கடன் கொடுத்தவருக்கோ இந்தத் தடை கிடையாது! பதியாத கூட்டின் மேலும் அவர் வழக்குப் போடலாம்; எந்தப் பங்குதாரரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். பங்கைப் பிரித்துக்கொண்டு விலகியவரும், அரசிதழிலும் உள்ளூர்த் தமிழ் நாளிதழிலும் அறிவிப்புத் தராவிட்டால், அவரைப் பங்குதாரர் என்று அறிந்து பிறகு கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடை தொடங்கிப் பல வருடம் ஆகியிருந்தாலும் பதிவுக்குத் தடையில்லை.