உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக்குட்டி காட்டிய வழி

குறைமாதக் குழந்தையின் மூளைக்குள் ரத்தம் கசிவது பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள்தான். மூளை அறைகளை ஒட்டி, புது நரம்புச் செல்கள் உருவாகும் இடத்திலுள்ள ரத்தக் குழாய்கள் வெங்காயச் சருகுபோல மெல்லியவை. ரத்த ஓட்டம் சட்டென்று ஏறி இறங்கினால் கிழிந்துவிடும். நிறைமாதம் நெருங்குவதற்குள் அந்தப் பகுதியே சுருங்கி மறைந்துவிடும்.

1978-இல் அமெரிக்க மருத்துவர் லூ-ஆன் பாபைல் குழுவினர் 1,500 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள 46 குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். 20 பேருக்குக் கசிவு! வெளியே அறிகுறியே தெரியாதவர்களும் அதில் உண்டு. குழந்தையை ஸ்கேன் அறைக்குத் தூக்கிப்போகும் சிரமமெல்லாம் இப்போது இல்லை. உச்சிக்குழியில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால், இன்குபேட்டரை விட்டு எடுக்காமலே பார்த்துவிடலாம்.

கசிவைத் தடுக்கும் வழி கிடைத்தது நியூசிலாந்துச் செம்மறிகளிடம். பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்த கிரஹாம் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டியொன்று, பிழைக்க வழியே இல்லாத நிலையில், மூச்சு விடுவதைக் கண்டார். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிசுவின் நுரையீரலைத் தேற்றும் என்று 1972-இல் ராஸ் ஹவியுடன் சேர்ந்து நிரூபித்தார். மூளைக் கசிவையும் அது குறைப்பது பிறகு உறுதியானது. இவ்வளவு மலிவான ஊசி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது என்னவோ 1990-களில்தான்.