சின்ன லேப்டாப்பில் ஒரு சாகச விளையாட்டு ஓடுகிறது, இன்னொன்று திணறுகிறதே, ஏன்?

கீரனூர் போன்ற ஊர்களில் பல பிள்ளைகளுக்கு முதல் கணினி, 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவச லேப்டாப்தான். 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' போன்ற விளையாட்டு அதற்குப் பாரமே இல்லை. புதிய முப்பரிமாண விளையாட்டில் மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது?

வாசல் கோலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பூவை மட்டும் மாற்றிப் போடுவது எளிது. பழைய விளையாட்டில் பின்னணி அப்படியே இருக்கும், ஆள் மட்டும் நகர்வான்.

முப்பரிமாணத்திலோ முழுக் கோலத்தையும் நொடிக்கு 30, 60 முறை புதிதாகப் போட வேண்டும். 1366×768 திரையில் ஒவ்வொரு முறையும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள்!

மலிவு லேப்டாப்பில் இந்த வேலைக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகமான ராமிலிருந்தே (RAM) பங்கு போகிறது. அதனால் வாங்கும்போது 8 ஜிபி ராம் இருக்கிறதா என்று கேளுங்கள். கதையும் புதிரும் போதுமென்றால், தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கொட்டாதீர்கள்.