அடிக்குப் பயந்த பிள்ளை சொல்லாது

முன்னர் எமது ஊர்களில் பிள்ளைகளுக்கு ஆபத்தைப் பற்றி எவரும் தனியாகப் பாடம் நடத்தியதில்லை. அம்மம்மாவின் பின்னால் கிணற்றடிக்குப் போயும், அப்புவோடு மாடு சாய்த்துக்கொண்டு போயும் அவர்கள் தாமாகவே பழகினார்கள். எந்தப் புற்றருகே போகக்கூடாது, குளக்கட்டில் எவ்விடம் சறுக்கும் என்பதெல்லாம் அப்படி வந்த அறிவு. இடப்பெயர்வு இந்தத் தொடர்பை அறுத்துவிட்டது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுக்கிடையே ஓடித்திரிந்த சிறுவர் பலர் இன்று தாய் தந்தையர் ஆகிவிட்டனர். காணிக்குத் திரும்பியவர்களானாலும் சரி, இன்னும் உறவினர் வளவில் இருப்பவர்களானாலும் சரி, அவர்களுக்கே கிணறும் பற்றையும் ஓரளவு புதியவை. ஆகவே முன்பு தானாக வந்ததை இன்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியுள்ளது.

ஆனால் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? "அங்கால போனால் காலை முறிப்பன்" என்பதோடு எமது பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

கிராமம் ஒன்றில் ஒரு தாய் எம்மிடம் கூறியது இது. ஒன்பது வயது மகன் ஆட்டைத் தேடிப் பற்றைக்குள் போயிருக்கிறான். அங்கே கிடந்த ஓர் உருண்டை இரும்பை எடுத்து வந்து விறகுக் குவியலுக்குள் ஒளித்துவிட்டான். மூன்று நாள் அந்த விறகில்தான் சமையல் நடந்தது. தங்கச்சி வாய்தவறிச் சொன்ன பிறகே விடயம் தெரிந்தது. மிதிவெடி அகற்றுவோர் வந்து அதை எடுத்துச் சென்றார்கள். "ஏன்ரா சொல்லேல்லை?" என்று கேட்டதற்கு, "போகவேண்டாம் எண்டனீங்கள், அடிப்பியள் எண்டு பயம்" என்றானாம். அவனுக்கு எமது பயமுறுத்தல்தான் பாடமாகியிருந்தது, வெடிபொருள் அல்ல.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. வடக்கில் பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது. எனினும் வெள்ளம் மண்ணை அரித்து, புதைந்திருந்ததை வெளியே கொண்டுவரக் கூடும். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பலகை இல்லாத இடத்திலும், தெரியாத பொருளைத் தொடாமல், எறியாமல், இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்லவேண்டும். ஆபத்தான இடத்துக்குள் நுழைந்துவிட்டதாக உணர்ந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்திலேயே நின்று பலத்துக் கத்தவேண்டும். இதை முற்றத்தில் விளையாட்டாகவே பழக்கலாம். "நில்" என்றதும் அசையாமல் நிற்பதில் சிறுவருக்கு நல்ல விருப்பம். வந்து சொன்ன பிள்ளைக்கு, அவன் போகக்கூடாத இடத்துக்குப் போயிருந்தாலும், அன்று அடி இல்லை என்பதை வீட்டில் எல்லோரும் ஏற்கவேண்டும். அதற்குரிய கண்டிப்பை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பாம்பு விடயத்திலும் பிள்ளை சொல்வதைக் கேட்பது உயிர் காக்கும். கட்டுவிரியன், எட்டடி விரியன் என்றெல்லாம் சொல்லப்படும் பாம்பு இரவில், நிலத்தில் படுத்திருப்போரையே பெரும்பாலும் கடிக்கிறது. நோவும் வீக்கமும் மிகக் குறைவு. கடித்த அடையாளமே தெரியாமல் போகலாம். விடியற்புறம் பிள்ளை வயிற்றுநோ என்று அழும். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிறான் என்று நாம் ஏசுவோம். கண்ணிமை தொங்கினால், விழுங்கவோ பேசவோ கஷ்டப்பட்டால் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம். கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாயில் படுப்பவர்கள் நுளம்பு வலையைப் பாயின் கீழ் நன்றாகச் செருகிக்கொள்வது பெரிய பாதுகாப்பு.

அடுத்தது எமது சொந்தப் பிழை. பயிருக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், காய்ச்சலுக்குக் குடிப்பதையும் மருந்து என்கிறோம். நாலு வயதுப் பிள்ளை இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? பயிருக்கு அடிப்பதை வீட்டில் நஞ்சு என்றே சொல்லிப் பழகுவோம். அதையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை விட்டு, பூட்டக்கூடிய பெட்டியில் வைப்போம். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையைச் சத்தியெடுக்கச் செய்யக்கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். எவ்வளவு குடித்தாய் என்று ஆறுதலாகக் கேட்டால் உண்மை வரும், அதட்டினால் வராது.

கிணற்றுக்குக் கட்டுக் கட்ட எல்லோரிடமும் பணமில்லை. முள்வேலியாவது போடலாம். மாரியில் கட்டில்லாத கிணறும் மண் அள்ளிய கிடங்கும் வெள்ளத்தோடு ஒரே மட்டமாகத் தெரியும். அப்போது சிறுபிள்ளைகளைத் தனியே விடவே கூடாது. வளர்ந்த பிள்ளைக்கு ஒன்று பழக்குங்கள்: தம்பி விழுந்தால் தான் குதிக்கக்கூடாது. வாய் இறுக்கி மூடிய வெறும் பிளாஸ்ரிக் கான் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கிணற்றடியில் தொங்கவிட்டால், அதை எறிந்துவிட்டுக் கத்திக் கூப்பிடலாம்.

குப்பிவிளக்கு இன்னும் பாவிப்போர் உயர்ந்த போத்தலைத் தவிர்க்கவேண்டும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் போலக் குட்டையான, தட்டையான பக்கங்களும் திருகுமூடியும் உள்ள விளக்கொன்றை அமைத்து, 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அது சரிந்தாலும் உருளாது. தீக்காயத்துக்குப் பற்பசை பூசாமல், குளிர்ந்த சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றுங்கள்.

1990 என்ற இலக்கத்தைக் கதவின் பின்புறம் கரியால் எழுதி வைக்கலாம். அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் புதிய குடியிருப்புகளில் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமல்ல. எந்தச் சந்தியால் திரும்புவது, எந்தக் குளத்தைத் தாண்டி எத்தனையாவது படலை என்று பிள்ளை சொல்லப் பழகவேண்டும். இன்று மாலை உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.