ஆறு உருளை மஸ்டாங்கில் மிகைவேகப் பல்லிணைப்பெட்டி பொருத்துதல்

மிகைவேகப் பல்லிணை அல்லது ஓவர்டிரைவ் என்பது, பல்லிணைப்பெட்டியின் வெளியீட்டுத் தண்டு உள்ளீட்டுத் தண்டை விட விரைவாகச் சுழலும்படி அமைந்த பல்லிணை ஆகும். இதன் விகிதம் 1.00 இலும் குறைவு. 1960களின் அமெரிக்கத் தானுந்துகள் பலவற்றில் உச்சப் பல்லிணை நேரடி இணைப்பாக, அதாவது 1.00 ஆகவே இருந்தது. அத்தகைய வண்டிகளில் பிற்காலத்து ஐந்து பல்லிணைப் பெட்டியைப் பொருத்துவது பழைய தானுந்து ஆர்வலர்களிடையே பரவலான மாற்றமாகும். 1965, 1966 ஆண்டு மாதிரி ஃபோர்டு மஸ்டாங்கின் ஆறு உருளை வகை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தேவை

இவ்வகை மஸ்டாங்கின் 200 கன அங்குலப் பொறி ஏறத்தாழ 3.3 லிட்டர் கொள்ளளவுடையது. இது 4,400 சுற்றுகளில் 120 குதிரைத்திறனையும், 2,400 சுற்றுகளில் 190 அடி-பவுண்டு முறுக்குவிசையையும் தருவதாக அக்காலத்து அளவீட்டு முறைப்படி குறிக்கப்பட்டது. இதனுடன் வந்த மூன்று பல்லிணைப் பெட்டியின் முதற் பல்லிணைக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. ஆதலால் வண்டி நின்ற பின்னரே அதனை ஓசையின்றி இணைக்க முடியும். பின்னச்சின் விகிதம் பொதுவாக 3.20 ஆகும். சக்கரம் ஒரு சுற்றில் 1.95 மீட்டர் உருள்வதாகக் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பொறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,740 முறை சுழலும். இதனால் பொறிக்குக் கேடு இல்லை. எனினும் நெடுஞ்சாலையில் இரைச்சலும் எரிபொருட் செலவும் கூடுகின்றன.

டி-5 பெட்டி

இம்மாற்றத்துக்குப் பெரிதும் பயன்படுவது போர்க்வார்னர் நிறுவனம் 1982 மாதிரி ஆண்டு முதல் தயாரித்த டி-5 ஆகும். 1996 இல் இதன் தயாரிப்பு ட்ரெமெக் நிறுவனத்துக்கு மாறியது. அலுமினிய உறை கொண்ட இப்பெட்டி எடை குறைந்தது. முன்செல் பல்லிணைகள் ஐந்துக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. 1985 முதல் வந்த மேம்பட்ட வகை 'உலகத்தரம்' எனும் பெயரால் அறியப்படுகிறது. இவ்வகையில் கெட்டியான பல்லிணை எண்ணெயை ஊற்றலாகாது. தானியங்கிப் பல்லிணைப்பெட்டிகளுக்குரிய மெல்லிய எண்ணெயே இதற்கு உரியது.

விகிதத் தேர்வு

டி-5 என்ற பெயரில் விகிதங்கள் வேறுபட்ட பல பெட்டிகள் உள்ளன. இதனைக் கவனியாது, மலிவாகக் கிடைத்தது என்பதற்காக ஒன்றை வாங்குவதே இம்மாற்றம் பயனற்றுப் போவதற்கு முதற் காரணம் எனலாம்.

எட்டு உருளை மஸ்டாங்கில் 1985 முதல் வந்த பெட்டியின் முதற் பல்லிணை 3.35, ஐந்தாவது 0.68 ஆகும். மேற்கூறிய 100 கிலோமீட்டர் வேகத்தில் இது பொறியை 1,860 சுற்றுகளுக்கு இறக்குகிறது. சமதளத்தில் இது இனிமையானது. ஆனால் சிறு ஏற்றத்திலும் நான்காம் பல்லிணைக்குத் திரும்ப நேரிடும். நான்கு உருளை மஸ்டாங்கின் 3.97, 0.79 விகிதப் பெட்டி பொறியை 2,160 சுற்றுகளில் வைக்கிறது. இது உச்ச முறுக்குவிசைக்கு அருகிலுள்ள வேகம் என்பதால், மேடு பள்ளமான நாட்டுப்புறச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இதுவே பொருத்தம். எனினும் 3.97 என்ற முதற் பல்லிணை பின்னச்சின் மீது கூடுதல் முறுக்குவிசையை ஏற்றும். ஆறு உருளை வண்டிகளுக்குரிய 7.25 அங்குலப் பின்னச்சு வலிமை குறைந்தது என்பதால், கிளட்சை வேகமாக விடும் பழக்கமுடையோர் இதனைத் தவிர்ப்பது நன்று.

தானியங்கிப் பெட்டியுடன் விற்கப்பட்ட வண்டிகளில் பின்னச்சு பெரும்பாலும் 2.83 ஆகும். இவற்றில் நேரடி இணைப்பிலேயே பொறி 2,420 சுற்றுகளில் ஓடுகிறது. அதனுடன் 0.68 சேர்ந்தால் 1,650 சுற்றுகளுக்கும் கீழ் இறங்கிவிடும். அவ்வண்டிகளில் பின்னச்சை மாற்றாமல் ஐந்தாம் பல்லிணையால் பெறும் பயன் மிகக் குறைவு.

பொருத்தும் முறை

ஆறு உருளைப் பொறியின் பின்புறத் துளை அமைப்பு எட்டு உருளைப் பொறியினின்று வேறுபட்டது. எனவே எட்டு உருளை மஸ்டாங்கின் கிளட்ச் உறை இதில் பொருந்தாது. வண்டியின் பழைய உறைக்கும் டி-5 பெட்டிக்கும் இடையே ஓர் இணைப்புத் தகடு வைக்கப்படுகிறது. கிளட்ச் தட்டின் நடுத்துளை புதிய உள்ளீட்டுத் தண்டின் வரிப்பற்களுக்கு ஒத்திருத்தல் வேண்டும். ஃபோர்டு வகைகளில் இப்பற்கள் 10. ஜெனரல் மோட்டார்ஸ் வகைகளில் 14 அல்லது 26.

தண்டின் முனை வணரித்தண்டின் கடையிலுள்ள வழிகாட்டித் தாங்கியில் போதிய ஆழம் நுழைய வேண்டும். ஆனால் அடியில் முட்டலாகாது. முட்டினால் வணரித்தண்டின் உந்துதாங்கி விரைவில் தேயும்.

அடுத்துச் செய்யவேண்டிய சோதனையைப் பலர் விட்டுவிடுகின்றனர். சமனுருளில் டயல் அளவியைப் பொருத்தி, கிளட்ச் உறையின் நடுத்துளை வணரித்தண்டின் மையத்தோடு ஒத்துள்ளதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும். அளவியின் மொத்த வேறுபாடு 0.13 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல் நலம். மிகுந்தால் மையம் விலகிய ஊசிகளைக் கொண்டு திருத்தலாம். இணைப்புத் தகடு மாட்டிய பின் அதன் துளையையும் அளக்க வேண்டும், ஏனெனில் பிழை அங்கும் சேரக்கூடும். மையம் பிறழ்ந்த பெட்டி பல்லிணை மாற்றக் கடினமாகும், ஓடும்போது பல்லிணையிலிருந்து தானே நழுவும், நாளடைவில் முன்தாங்கியை அழிக்கும். பழைய பெட்டியை வாங்கியோர் பெட்டியையே குறைகூறுவதுண்டு; ஆனால் பல வேளைகளில் குறை உறையிலேயே உள்ளது.

பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மாற்றியமைக்க வேண்டும். உந்துதண்டின் முன்முனைக்கு டி-5 இன் வெளியீட்டுத் தண்டுக்குரிய நுகம் தேவை. தண்டின் நீளத்தை, வண்டி தன் எடையில் சக்கரங்கள் மீது நிற்கையில் மட்டுமே அளத்தல் வேண்டும். செவ்ரோலெட் எஸ்-10 சிறுசரக்குந்தின் பெட்டியில் மாற்றுகோல் முன்தள்ளி இருப்பதால், மஸ்டாங்கின் தரையிலுள்ள பழைய துளைக்கு அது நேராக வராது. பழைய வேகமானி கம்பிவடத்தால் இயங்குவது. மின்னணு உணரி மட்டுமே கொண்ட பெட்டியை வாங்கினால் வேகமானி ஓடாது.

பழைய மூன்று பல்லிணைப் பெட்டியையும் அதன் திருகாணிகளையும் எறியாமல் வைத்திருப்பது வழக்கம். தரை உலோகத்தை வெட்டாமல் செய்த மாற்றத்தை ஒரு நாளில் மீட்டுவிடலாம். வெட்டிய தரையை மீட்க ஒட்டுவேலை தேவைப்படும்.