பழைய தொலைக்காட்சிப் பெட்டி: காப்பதா, மாற்றுவதா?

சென்ற கோடை விடுமுறையில், காஞ்சிபுரத்தில் உள்ள என் அத்தை வீட்டில் ஒரு வழக்கு என் முன் வந்தது. வழக்குக்குரிய பொருள், கூடத்து மூலையில் நின்ற ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நான்கு மரக்கால்கள், தேக்குத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகை உடல், முன்புறம் இரண்டு பக்கமும் இழுத்து மூடும் மரக்கதவு. 1982-இல் மாமா வாங்கியது. அதில் படம் தெரிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

அதை மீன்தொட்டியாக மாற்ற வேண்டும் என்றான் அத்தையின் பேரன். "அப்படியே வைத்திருந்தால் பழம்பொருள் சேர்ப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள்" என்றார் அத்தான். அத்தையோ, "வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பாதித் தெரு இந்தக் கூடத்துலதான் உட்கார்ந்திருக்கும். வெட்டிக் கூறு போட்டுடாதீங்க. நீதான் பௌதிகம் படிச்சவனாச்சே, நீயே சொல்லுப்பா" என்றார்.

தீர்ப்புச் சொல்லுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது வெறும் மரப்பெட்டிதானா, அல்லது கருவியின் ஓர் உறுப்பா?

பெட்டி ஏன் இவ்வளவு ஆழம்?

பழைய தொலைக்காட்சியின் உயிர்நாடி படக்குழாய். இது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். இதன் கழுத்தில் உள்ள எலெக்ட்ரான் துப்பாக்கியிலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்து வருகின்றன. கழுத்தைச் சுற்றியுள்ள விலக்கச் சுருள்களின் காந்தப்புலம் அவற்றை இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்புகிறது. அவை திரையில் பூசிய ஒளிர்பொருளைத் தாக்கும்போது ஒளி தோன்றுகிறது.

எலெக்ட்ரான் கற்றையை எவ்வளவு அகலக் கோணத்தில் திருப்ப முடிகிறதோ, அவ்வளவுக்குக் குழாயின் நீளம் குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையின் மூலைவிட்டம் 51 செ.மீ. என்க. அதில் பாதி 25.5 செ.மீ. மொத்த விலக்கக் கோணம் 50 பாகை என்றால், பாதிக் கோணம் 25 பாகை. 25.5-ஐ tan 25° மதிப்பான 0.466-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 55 செ.மீ. வருகிறது. விலக்கம் நிகழும் இடத்திலிருந்து திரை இவ்வளவு தள்ளி இருந்தாக வேண்டும். கோணம் 110 பாகை என்றால் இதே தொலைவு 18 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். இவற்றோடு கழுத்தின் நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

1946-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 630-டி.எஸ். என்ற புகழ்பெற்ற பெட்டியின் குழாய் 50 பாகை விலக்கம் கொண்டது. அதன் திரையின் குறுக்களவு 25 செ.மீ. தான், குழாயின் நீளமோ 45 செ.மீ. 1958-இல் ஃபில்கோ நிறுவனம் வெளியிட்ட 'பிரெடிக்டா' வகையில், குட்டையான படக்குழாய் பெட்டிக்கு மேலே தனியாக நின்று திரும்பியது. ஆக, பெட்டியின் ஆழத்தை அளந்தாலே அக்காலத்துத் தொழில்நுட்பத்தைக் கணித்துவிடலாம்!

1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியின்போது வெளிவந்த டி.ஆர்.கே.-12 என்ற பெட்டி இன்னும் சுவையானது. நீண்ட குழாயைப் படுக்க வைக்க இடம் போதாமல், திரை மேல்நோக்கி இருக்குமாறு அதை நிறுத்தி வைத்தார்கள். மக்கள் படத்தைப் பார்த்தது, மூடியின் உட்புறம் பதித்த கண்ணாடியில்! கண்ணாடியில் இடவலம் மாறுமே என்று கேட்பீர்கள். விலக்கச் சுருளின் இணைப்பை மாற்றி, குழாயிலேயே படம் இடவலம் மாறி விழுமாறு செய்தால், கண்ணாடி அதை நேராக்கிவிடும். அதே கண்காட்சியில், 'இது ஏதோ மாயவித்தை' என்று மக்கள் ஐயுறாதிருக்க, உள்ளுறுப்புகள் எல்லாம் தெரியும்படி ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் செய்த பெட்டி ஒன்றையும் வைத்தார்கள்.

பெட்டி செய்யும் வேலைகள்

பெட்டியின் முதல் வேலை மின்காப்பு. பல பழைய பெட்டிகளில், உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டமாகிய சேஸிஸ், வீட்டு மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கும். தொடுபவரைக் காப்பாற்றியவை மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழ்களும் பின்பலகையுமே.

இரண்டாவது, குளிர்வித்தல். வால்வுகள் நிறைந்த பெட்டி ஏறத்தாழ 150 முதல் 200 வாட் வரை மின்திறனை எடுத்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. பின்பலகையின் கீழ்த்துளைகள் வழியே குளிர்காற்று நுழைந்து, சூடாகி, மேல்துளைகள் வழியே வெளியேறும்.

மூன்றாவது, ஒலி. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றை நெருக்கும்போது பின்னே நெகிழ்க்கிறது. பெட்டி இல்லையென்றால் இரண்டு அலைகளும் கலந்து, தாழ்ந்த சுரங்கள் பெரிதும் அழிந்துவிடும். மரப்பலகை அவற்றைப் பிரித்து வைக்கிறது. பழைய பெட்டிகளில் குரல் கனமாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பெட்டி வெறும் உறை அன்று. கருவியின் ஓர் உறுப்பே.

திறக்குமுன் கவனம்

இங்கே ஓர் எச்சரிக்கை. 61 செ.மீ. திரையின் பரப்பு ஏறத்தாழ 1,800 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் வளிமண்டலம் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. அதாவது, முகப்பின் மீது மட்டும் 1.8 டன்! குழாய் உடைந்தால் கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கிப் பின் வெளியே சிதறும். மேலும், படக்குழாயின் உள்ளும் வெளியும் பூசிய கரிப்பூச்சுகள் இரண்டும், இடையிலுள்ள கண்ணாடியும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் 15,000 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் இதில் ஏறியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எனவே பழைய பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். அது அனுபவமுள்ள பழுதுநீக்குபவரின் வேலை.

காப்பதும் எளிதன்று

சரி, மாற்றாமல் அப்படியே காத்து வைப்போம் என்றால், எதைக் காப்பது? மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கெடுகின்றன. பல ஆண்டுகள் தூங்கிய பெட்டிக்குத் திடீரென மின்சாரம் கொடுத்தால் அவை வெடிக்கவும் கூடும். அவற்றை மாற்றினால் கருவி ஓடும்; ஆனால் அசல் உறுப்புகள் போய்விடும். இதற்காகச் சில ஆர்வலர்கள் பழைய மின்தேக்கியின் கூட்டைக் குடைந்து, புதியதை அதனுள் மறைத்து வைப்பதுண்டு.

ஓடினாலும், அதில் எதைப் பார்ப்பது? பிரிட்டனில் 1936-இல் தொடங்கிய 405 வரி ஒளிபரப்பு 1985-இல் முடிந்தது. அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் பழைய முறை ஒளிபரப்பு 2009 ஜூன் 12-ஆம் நாள் நின்றது. நம் நாட்டிலும் தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று அப்பெட்டிகளில் படம் காண, படச் சைகையைப் பழைய அலைவரிசையில் ஏற்றித் தரும் மாடுலேட்டர் என்ற சிறு கருவி வேண்டும்.

தீர்ப்பு

நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு பழுதுநீக்குபவரை அழைத்து அத்தை வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். முன்பு யாரோ முக்கியமான மின்மாற்றியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். கம்பிகளை எலி கடித்திருந்தது. படக்குழாயின் கழுத்தில் விரிசல். வெற்றிடக் குழாய்களில் எஞ்சிய வாயுவை உறிஞ்சப் பேரியம் பூசியிருப்பார்கள். அது வெள்ளி போலப் பளபளக்கும். காற்று புகுந்தால் பால் போல வெளுத்துவிடும். இங்கே அது வெளுத்துக் கிடந்தது.

கருவி ஏற்கெனவே இறந்துவிட்டது. பெட்டி மட்டும் உறுதியாக இருந்தது. எனவே மாற்றலாம் என்றேன். ஆனால் மீன்தொட்டி வேண்டாம். 60 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள தொட்டியில் 73 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அதாவது 73 கிலோகிராமுக்கு மேல். திருகி மாட்டிய அந்த மெல்லிய கால்கள் இதைத் தாங்குமா? கசிவு பட்டால் ஒட்டுப்பலகையும் உப்பிவிடும்.

முடிவில் அது புத்தக அலமாரி ஆயிற்று. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: செய்வது எதுவும் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடியதாக இருக்க வேண்டும். புதிய துளை இல்லை, வண்ணப்பூச்சு இல்லை; பழைய திருகுத் துளைகளிலேயே தட்டுகளைப் பொருத்தினோம். குமிழ்கள், பின்பலகை, அதில் ஒட்டியிருந்த மின்சுற்றுப் படம், கழற்றுமுன் எடுத்த ஒளிப்படங்கள் எல்லாம் கீழ்த்தட்டில் ஓர் உறையில் உள்ளன. படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் உண்டு. ஆதலால் அதைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு பெறும் உரிமம் உள்ளவரிடம் ஒப்படைத்தோம். விலை பேசலாம் என்றிருந்த அத்தானுக்குச் சற்று வருத்தம்தான்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் அதே காலத்துப் பெட்டி ஒன்று உள்ளது. குழாய், சேஸிஸ், பின்பலகை எல்லாம் முழுமை. அதை அலமாரியாக்க யார் கேட்டாலும் தரமாட்டேன். ஒருமுறை பிரித்துச் சிதறவிட்டால், ஒரு காலத்து மனிதர் எப்படிச் சிந்தித்தார்கள் என்பதன் சான்றே போய்விடும்.

உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ இத்தகைய பெட்டி இருந்தால், முதலில் திறக்காமலேயே அதன் ஆழத்தையும் திரையின் மூலைவிட்டத்தையும் அளந்து, விலக்கக் கோணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கழுத்தின் நீளமும் ஆழத்தில் சேர்ந்திருப்பதால், உண்மைக் கோணம் உங்கள் விடையைவிடப் பெரியதாகவே இருக்கும். பிறகு, அது முழுமையாக உள்ளதா என்று விவரம் அறிந்தவரைக் கொண்டு பாருங்கள். அதன்பின் காப்பதா மாற்றுவதா என்று முடிவு செய்யலாம்.